கன்னிகா வந்து சொல்லட்டும்

தெருவுக்குள் திரும்பாமலே நின்றுவிட்ட சித்தப்பாவின் பைக்கிலிருந்து இறங்கியதும் கன்னிகாவின் காது முதலில் தேடியது அழுகைச் சத்தத்தைத்தான். சத்தமே இல்லை. மேளம் இல்லை, ஒருத்தர் வாயிலிருந்தும் ஒப்பாரி இல்லை. திருப்பதி ஆஸ்டலுக்குப் போன் போட்டு "நைனாவுக்கு சீரியஸ், கெளம்பி வா" என்று மட்டும் சொன்ன சித்தப்பா மணிவேல், நகரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வழிநெடுக வாயைத் திறக்கவில்லை. அழுகை இல்லையென்றால் நைனா இருக்கிறார். அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

"சித்தப்பா, நைனா எழுந்து குந்திக்கினு கீறாரா?"

மணிவேல் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"காத்தாலயே போய்ட்டாருமா," என்றார். "வாயுன்னு சொல்லிக்கினே சோடா குடிச்சிட்டுப் படுத்தாரு, அவ்ளோதான். யாரும் அழக்கூடாதுன்னு அண்ணி சொல்லிட்டாங்க. எம்பொண்ணு வந்து பாத்து சொன்னாத்தான் ஆச்சுன்னு குந்திக்கினு கீறாங்க."

கன்னிகா அப்படியே நின்றுவிட்டாள். நைனா போன துக்கம் நெஞ்சில் வந்து இறங்குவதற்குள் இது என்ன கூத்து என்ற பயம் முந்திக்கொண்டது.

அவள் படிப்பது பயோமெடிக்கல் சயின்ஸ். பி.எஸ்சி., இரண்டாம் வருஷம். நோயாளியின் பக்கத்தில் போகிற படிப்பே இல்லை அது. நோயாளியின் ரத்தத்தையும் திசுவையும் கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற படிப்பு. சேர்ந்த நாளிலிருந்து நைனாவுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "நான் ஊசி போடமாட்டேன் நைனா. லேப்லதான் இருப்பேன்" என்றால் அப்பா கமலக்கண்ணன் மாங்காய்க் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரிப்பார். "ரத்தத்துல இன்னா கீதுன்னு நீ சொன்னப்பறந்தானே டாக்டரே ஊசி எடுக்கறாரு? அப்ப யாரு பெரியவங்க?" என்பார். மறுநாள் மாங்காய் மண்டிக்குப் போய் எடை போடுகிறவரிடமும் லாரிக்காரரிடமும் "எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று அளந்துவிட்டு வருவார். லீவில் அவள் வந்து இறங்கினால் போதும், சர்க்கரை ரிப்போர்ட்டும் தைராய்டு ரிப்போர்ட்டுமாக ஊரே வாசலில் நிற்கும். நல்ல மனுஷன். ஆனால் பெரிய புளுகுமூட்டை.

தெருவுக்குள் திரும்பியதும், அந்த மண்டி மொத்தமும் வீட்டு வாசலில் நின்றது. ஐஸ்பெட்டி வண்டிக்காரன் பெட்டியை இறக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தான். மேளக்காரர்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் பீடியோடு காத்திருந்தார்கள். மண்டிக்காரர் ஒருவர், "டாக்டரம்மா வச்சேசிந்தி, தாரி இவ்வண்டி" என்று தெலுங்கில் கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழி விட்டார். அந்த வழியில் நடப்பதற்கு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே அதைவிடக் கொடுமை. நாகலாபுரத்திலிருந்து "அண்ணா" என்று அலறிக்கொண்டே வந்த தேவயானி அத்தையை அம்மா ஒரே அதட்டலில் மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தாள். பாவம், அழுகையை முழுங்கி முழுங்கி அத்தைக்கு விக்கலே வந்துவிட்டது. நைனா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கால் கட்டைவிரல்களை இன்னும் கட்டவில்லை. தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. காலையிலேயே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய ஆர்.எம்.பி. டாக்டர் விஜயராகவன் சுவரோரமாக நின்றிருந்தார்.

அம்மா காஞ்சனாவின் கண் காய்ந்து கிடந்தது. "வந்தியா," என்றாள். "பாரு."

கன்னிகா குனிந்து அவள் காதோடு சொன்னாள். "அம்மா, நான் டாக்டர் இல்லமா. எனக்கு இதெல்லாம் தெரியாதுமா."

அம்மா அவள் துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி பக்கத்தில் இழுத்தாள்.

"தெரியும்டி," என்றாள் மெதுவாக. "அந்தாளுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு. அத்தினி பேரும் வெளியில நின்னுக்கினு கீறாங்க. வேற யாரோ சொல்லி அவரு போவ வேணாம். நீ சொல்லி போவட்டும்."

விஜயராகவன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, "இந்தாங்கம்மா" என்று நீட்டினார். இருபது வயசுப் பெண்ணுக்கு 'ங்க' போட்டதை எல்லோரும் கேட்டார்கள். கன்னிகா வாங்கிக் காதில் வைத்தாள். அவர் கிட்டே வந்து, அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குகிறவர்போல, திரும்பியிருந்த காதுக்குமிழ்களைச் சரியாகத் திருப்பிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி பழைய இடத்துக்குப் போனார்.

நைனாவின் மார்பில் வைத்தாள். தன் ரத்தம் தன் காதில் இரைவதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் சில்லென்றிருந்தது.

செல்கள் எப்படிச் சாகின்றன என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவள் அவள். இதயம் நின்றுவிட்டால் மூளை நிமிஷங்களில் போய்விடும். ஆனால் தோலுக்கு அவ்வளவு அவசரமில்லை. ஆள் போனது தெரியாமலே தோலின் செல்கள் மணிக்கணக்கில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பரீட்சையில் படம் போட்டு எழுதி, அதற்கு மார்க்கும் வாங்கியிருக்கிறாள். அப்படியென்றால் இதோ, அவள் விரலுக்கடியில் நைனா இன்னும் கொஞ்சம் இருக்கிறார். இந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இல்லை என்று சொல்ல வேண்டியவளும் அவளேதான். ஐயோ நைனா, இதற்கா என்னைப் படிக்க வைத்தாய்?

நிமிர்ந்தாள். வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நைனா போய்ட்டாரு."

முதலில் உடைந்தது அத்தைதான். பின்னாலேயே அம்மா, காலையிலிருந்து கட்டி வைத்திருந்த அத்தனையையும் சேர்த்து, கட்டில் சட்டத்தில் தலையை மோதிக்கொண்டு கதறினாள். "ஐயோ, எம்பொண்ணு சொல்லிட்டாளே! இனிமே நான் யாரக் கேப்பேன்!" வெளியே மேளம் அதிர்ந்தது. பெட்டியை இறக்குகிற சத்தமும், தள்ளு தள்ளு என்ற குரல்களும் வாசல்வரை வந்துவிட்டன.

கிழித்த வேட்டித் துணியோடு மணிவேல் கால்மாட்டுக்கு வந்து கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். அப்புறம் அவள் தோளைத் தொட்டார்.

"கைய உடும்மா. பெட்டில வெக்கணும்."

"இருங்க சித்தப்பா," என்றாள் கன்னிகா. "இன்னும் கொஞ்ச நேரம்."

மாங்காய்ப் பால் தெறித்துக் கறுத்துப்போன அந்தப் புறங்கையை அவள் கட்டைவிரல் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது.