பலகையைப் படித்துச் சொன்னவள்

கடைசிப் பாடவேளை. கணக்கு ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போனார். முதல் பெஞ்சில் அக்காவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கண் பலகையில் இருந்தது. தங்கையின் காது அக்காவிடம் இருந்தது.

"மூணு எக்ஸ் கூட்டல் ஏழு. சமம் போட்டு இருபத்தெட்டு. எழுதிட்டியா? அடுத்த வரியில ஏழை அந்தப் பக்கம் தள்ளு. சார் மூக்குல சாக்பீஸ் அப்பியிருக்கு. அதை எழுதிடாத."

தங்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அங்க என்ன கசமுசா?" ஆசிரியர் திரும்பாமலே அதட்டினார். "பெரியவளே, வாயை மூடு. உன் தங்கச்சியைப் பாரு, எவ்வளவு சமர்த்தா எழுதறா."

பெரியவள் வாயை மூடினாள். அவர் மறுபடி எழுத ஆரம்பித்ததும் திறந்தாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்த கடைசி வகுப்பு அது.

அன்று மாலையே பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சின்னவளுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தை மூக்கருகே பிடித்தால்தான் எழுத்து பிடிபடும். பலகை அவளுக்கு ஒரு பச்சைத் திட்டு. ஆசிரியர் என்பவர் ஒரு சட்டை நிறமும் ஒரு குரலும். பெரியவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, அடுத்த வருடம் சேரவேண்டிய சின்னவளைப் பற்றிக் கேட்டதும் அப்போதைய தலைமையாசிரியை தயங்கினார். "ரெண்டு பேரையும் ஒரே வகுப்புல போட்டுடுங்க மேடம், பெரியவ பாத்துப்பா" என்று அம்மாதான் வழி சொன்னாள். அதற்காகவே பெரியவளை ஒரு வருடம் வீட்டில் நிறுத்திவைத்து, தங்கையோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. பெரியவளை யாரும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நாளடைவில் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பின்னால் வந்த ஆசிரியர்களுக்கு அக்கா வாயாடி, தங்கை சமர்த்து. அவ்வளவுதான்.

அம்மா மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்த அன்று, சின்னவளும் மறுபடி பள்ளிக்குப் போனாள்.

"இதை எடுத்து இங்க போடு. அப்ப இது என்ன ஆகும்? அதேதான். இப்ப இதால அதை வகுத்தா இது வந்துடும். புரிஞ்சுதா?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"புரிஞ்சுது சார்" என்று வகுப்பு ஒரே குரலில் பொய் சொன்னது.

எதை? எங்கே? எதால்? சின்னவள் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அக்கா போனதற்கு அழாமல் பலகைக்கு அழுகிறாளே என்று யாராவது நினைத்துவிட்டால்? நோட்டை மூடிவிட்டாள்.

வகுப்புத் தேர்வுகளில் கேள்விகளைப் பலகையில்தான் எழுதிப் போடுவார்கள். சின்னவள் வெள்ளைத் தாளை மடித்துக் கொடுத்தாள். அடுத்த தேர்விலும் அப்படியே. யாரும் கோபப்படவில்லை. "பாவம், கை ஓடல" என்றார்கள் ஆசிரியர் அறையில். "விட்டுடுங்க, ஆறட்டும்." ஒருவர் வீட்டுப்பாடம் வேண்டாம் என்றார். இன்னொருவர், "போம்மா, நூலகத்துல கொஞ்ச நேரம் காத்தாட உட்காரு" என்று அனுப்பிவைத்தார். அங்கே போய் உட்கார்ந்து, எட்டாத தூரத்தில் இருக்கும் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் கெட்டவர்கள் யாரும் இல்லை. ஒருவர் திட்டியிருந்தால்கூட அவள் பதில் சொல்லியிருப்பாள். தலையைத் தடவிக்கொடுப்பவரிடம் என்ன சொல்வது?

தலைமையாசிரியை அம்மாவை வரச்சொன்னார். கணக்கு ஆசிரியரும் இருந்தார், வகுப்பாசிரியர் அவர்தான். சின்னவள் கதவோரம் நின்றாள்.

"இந்த வருஷம் வீட்டுலயே இருக்கட்டும்மா. மனசு தேறட்டும். அடுத்த வருஷம் தெம்பா வரட்டும்" என்றார் தலைமையாசிரியை.

"நீங்க சொன்னா சரிங்க மேடம்" என்றாள் அம்மா. "எனக்கும் பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போல இருக்கும். காஜா எடுக்கக் கத்துக்கட்டும்."

மங்கல் பார்வைக்காரி பொத்தான் துளைக்கு நூல் சுற்றிக் காஜா எடுப்பதா? அம்மா யோசிக்காமல் பேசுகிறாள் என்று சின்னவளுக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. ஒருமுறை வீட்டில் உட்காரவைத்த பெண்ணை மறுபடி எழுப்பி அனுப்புகிறவர்கள் குறைவு. இப்போது பேசாவிட்டால் எப்போதும் இல்லை.

"எனக்கு அழுகை வீட்டுல வந்துக்கும் மேடம்" என்றாள். "இங்க எனக்குப் பலகைதான் தெரியல."

தலைமையாசிரியை கணக்கு ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டிருக்கியேம்மா" என்றார் கணக்கு ஆசிரியர்.

"கண்ணாடி போட்டா பச்சையா தெரியும் சார். கழட்டினா அதுவும் தெரியாது."

"அப்ப இவ்வளவு நாளா எப்படி எழுதின?"

"அக்கா படிச்சுச் சொல்லுவா. நீங்க வாயை மூடுன்னா நிறுத்துவா. அப்புறம் சொல்லுவா."

ஆசிரியர் நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். "சரி. ஒரு கணக்கு சொல்றேன். இதோ, இதை..." என்று காற்றில் விரலை நீட்டியவர், விரலை மடக்கிக்கொண்டார். "அஞ்சு எக்ஸ் கழித்தல் நாலு, சமம் முப்பத்தாறு."

"எட்டு" என்றாள் சின்னவள். தலைமையாசிரியை அப்போதுதான் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். "இன்னும் கஷ்டமா கேளுங்க சார்" என்றாள் மறுபடி சின்னவள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பெரியவ இருக்கா, பாத்துப்பான்னு விட்டுட்டேன் சார். அவளும் குழந்தைதான்னு எனக்குத் தோணவே இல்ல."

ஆசிரியர் எழுந்து நின்றார். பிறகு தலைமையாசிரியையிடம் சொன்னார்: "பெரியவ கணக்குல சுமார்தான்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வாயால ஒருத்திக்குச் சொல்லி, கையால தனக்கு எழுதி, நடுவுல என்கிட்ட திட்டும் வாங்கியிருக்கா. நாம செய்ய வேண்டிய வேலைங்க அது. ஒரு குழந்தை தலையில கட்டிட்டோம். அவ போனதும், இவளுக்குத் துக்கம்னு பேர் வெச்சு வீட்டுக்கு அனுப்பப் பாக்கறோம். இரக்கம் பலகையைப் படிச்சுச் சொல்லாது மேடம். நாமதான் சொல்லணும்."

மறுநாள் முதல் அவர் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுப் படித்தபடி எழுதினார். பழக்கம் லேசில் விடவில்லை. "இதை எடுத்து..." என்று ஆரம்பித்தால் பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்: "எதை சார்?" வகுப்பே சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியிருந்த ஒருவன் எழுந்து, "இப்பதான் சார் எனக்கும் புரியுது" என்றான். அவனுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

முதல் பெஞ்சில் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்துக் கண் கூசுகிறது என்பதையும் அப்போதுதான் கேட்டறிந்து, வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும்படி இடம் மாற்றினார்கள். கேள்விகளைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் அடித்துக் கொடுத்தார்கள். முதல் தாள் போர்வை அகலம் இருந்தது. பக்கத்துப் பெண், "இதைப் போத்திக்கிட்டுத் தூங்கலாம்டி" என்றாள். தாளைச் சாய்த்து வைக்க ஒரு பலகையும், தேர்வில் கூடுதல் நேரமும் கிடைத்தன. "அவளுக்கு மட்டும் எதுக்கு சார் கூடுதல் நேரம்?" என்று ஒருவன் கேட்டான். "நீ ஒரு பார்வையில படிக்கறதை அவ எழுத்து எழுத்தா தேடிப் படிக்கணும். அந்த நேரத்தைத்தான் குடுக்கறோம். மார்க்கை இல்ல" என்றார் ஆசிரியர்.

ஆண்டுத் தேர்வில் சின்னவள் தேறினாள். கணக்கில் நல்ல மதிப்பெண். அம்மா மதிப்பெண் பட்டியலைத் தையல் மெஷின் மேல் வைத்து, சுருக்கம் இல்லாமல் கையால் நீவி நீவிப் பார்த்தாள். பெரியவளுக்கு இவ்வளவு வந்ததில்லை. அதை இருவரும் நினைத்தார்கள், இருவரும் சொல்லவில்லை.

விடுமுறையில் வழக்கம்போல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்கச் சொன்னார். மேலே இருந்த பெரிய எழுத்தை மட்டும் படித்தாள். அடுத்த வரி கலங்கிப்போயிற்று. விளக்கடித்துப் பார்த்தார், பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"போன வருஷம் இருந்த அதே பார்வைதான்" என்றார். கண்ணாடியைக்கூட மாற்றவில்லை.