மூன்று ராணிகளைக் கவிழ்த்தேன்

என் சகலைக்கு உடம்பெல்லாம் மச்சம். இதைப் பொறாமையில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவன் வாங்கிய பழைய கார் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. நான் வாங்கிய புதுக் கார் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் தள்ளப் பழக்கிவிட்டது. அவன் தலையில் ஒரு முடி உதிரவில்லை. அவன் குழந்தை ராத்திரி படுத்தால் விடிந்துதான் கண் திறக்கும். என் பிள்ளை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஒரே மாமனார், ஒரே மாமியார், ஒரே வேலை. இருந்தும் கொடுத்து வைத்தவன் அவன்தான்.

வேலை பல் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருந்துகிற பல்லை எங்கள் மாமனாரின் பட்டறையில் செய்து கொடுப்போம். மெழுகு வாசனை, பிளாஸ்டர் தூசி, ஓயாமல் கத்துகிற பாலிஷ் மோட்டார். அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். நான் மூத்த மகளைக் கட்டியவன், முதலில் வந்தவன். பல்லின் நிறம் பார்ப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. சகலை இளையவளைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தான். வந்த புதிதில் மெழுகை உருக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டவன். இப்போது டாக்டர்கள் போன் பண்ணினால் “சின்னவர் இருக்காரா?” என்று கேட்கிறார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் மாதிரி இருந்துகொண்டு எல்லாரையும் வளைத்துப் போட்டுவிட்டான்.

மாமனாரின் இடம் ஜன்னலோரம். பட்டறையில் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரே இடம் அது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்தான் எந்த வேலை யாருக்கு, எது வெளியே போகலாம், எதைத் திரும்பச் செய்யவேண்டும் என்றெல்லாம் சொல்வார். இந்த வருஷம் மாமனாருக்குக் கை நடுக்கம் கூடிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிடுவதென்று முடிவு பண்ணினார். யாருக்கு என்பதுதான் பாக்கி.

“ரெண்டு மாப்பிள்ளைங்க, ஒரு நாற்காலி,” என்றார் எங்களைக் கூப்பிட்டு. “நான் ஒருத்தர் பேரைச் சொன்னா, ஒரு பொண்ணு நான் சாகுற வரைக்கும் என்கூடப் பேசமாட்டா. சீட்டு சொல்லட்டும். சீட்டுகிட்ட யார் கோவிச்சுக்க முடியும்?”

எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இது விநோதமாகப் படாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போக்கர் ஆடுவது எங்கள் பழக்கம். காசு வைத்து ஆட மாமனார் விடமாட்டார். நிறம் தப்பியவை, ஓரம் உடைந்தவை என்று ஒரு டப்பா நிறையக் கழித்த பற்கள் கிடக்கும், அவைதான் பந்தயம். ஒரு கடைவாய்ப் பல் ஐந்து முன்பல்லுக்குச் சமம். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் சமமாகப் பல்லைப் பிரித்துக்கொண்டு ஆடுவது, மாமனார் சீட்டுப் போடுவது, கையில் பல் தீர்ந்துபோகிறவர் நாற்காலியை மறந்துவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

அந்த ஞாயிறு கிளம்பும்போது என் மனைவி வாசல் வரைக்கும் வந்தாள். “என்னங்க, அவரையே மொறைச்சுப் பாத்துட்டு ஒக்காந்திராதீங்க. சீட்டைப் பாத்து ஆடுங்க.”

“நான் எப்போ அவனை மொறைச்சேன்?”

“என் தங்கச்சி கல்யாண வீடியோவுல எல்லாரும் பொண்ணைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் மாப்பிள்ளையைப் பாத்துட்டு நிக்கிறீங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டேன். அந்த மாப்பிள்ளைக்கு அன்றைக்கே கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. என் கல்யாணத்தில் எனக்குப் போட்ட கோட்டில் இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்தது.

போக்கர் தெரியாதவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் கண்ணில் படாமல் கையில். நடுவில் ஐந்து சீட்டுகள், இருவருக்கும் பொது. முதலில் மூன்று சேர்ந்து திறக்கும், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். எதிராளி கட்டிய அளவுக்கு நீங்களும் போட்டால் ஆட்டத்தில் இருப்பீர்கள், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து, அதுவரை நடுவில் போட்டதைத் தலைமுழுகிவிட்டு ஒதுங்க வேண்டும். கடைசியாகத் திறக்கும் சீட்டுக்கு ரிவர், அதாவது ஆறு என்று பெயர். எவனோ அதில் மூழ்கி அனுபவப்பட்டவன் வைத்த பெயர்.

மாமனார் தன் மேசையிலேயே ஒரு துண்டை விரித்துச் சீட்டுப் போட்டார். அவர் கை நடுங்கியதால் சீட்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. நான் மேசைக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ஆரம்பத்தில் பற்கள் அங்கும் இங்குமாகப் போய் வந்தன. யாரும் பெரிதாக ஜெயிக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. அவன் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

அப்போதுதான் எனக்கு ஸ்பேடு ராணியும் கிளாவர் ராணியும் சேர்ந்து வந்தன. பந்தயத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். அவன் யோசித்துவிட்டுப் போட்டான்.

நடுவில் மூன்று சீட்டுகள் திறந்தன. டைமன் ராணி, இதயம் போட்ட ஆட்டினில் ஒன்பது, அதே ஆட்டினில் நாலு. என்னிடம் மூன்று ராணிகள்! கடவுளே, முதல் தடவையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாயே என்று நினைத்தேன். கட்டினேன், அவனும் போட்டான். அடுத்தது ஸ்பேடு இரண்டு, ஒன்றுக்கும் உதவாத சீட்டு. இந்தத் தடவை ஒரு பிடி கடைவாய்ப் பல்லைத் தள்ளினேன். அவன் காதைச் சொறிந்தான், பெருமூச்சு விட்டான், பிறகு அதற்கும் போட்டான். நடுவில் ஒரு முழு வாய்க்குத் தேவையானதைவிட அதிகமாகப் பல் குவிந்துவிட்டது.

மாமனார் கடைசிச் சீட்டைத் திருப்பினார். ஆட்டின் ஏழு.

இப்போது நடுவில் மூன்று ஆட்டின்கள். அவன் கையில் இரண்டு ஆட்டின் இருந்தால் ஒரே சாதியில் ஐந்தாகிவிடும், என் மூன்று ராணிகளும் தோற்றுப்போகும். வேறு எந்தச் சீட்டு இருந்தாலும் ஜெயிப்பது நான்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒன்றும் கட்டாமல் மேசையை மட்டும் விரலால் தட்டினேன்.

சகலை தன் முன்னால் இருந்ததையெல்லாம் இரண்டு கையாலும் கூட்டி நடுவில் தள்ளினான். துண்டின்மேல் பற்கள் கடகடவென்று உருண்டன. “எல்லாம்,” என்றான்.

அதற்கு ஈடாகப் போட வேண்டுமென்றால் என்னிடம் மிச்சமிருப்பது முழுவதும் போகவேண்டும். போட்டு ஜெயித்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, ஜன்னலோரம் எனக்கு. போட்டுத் தோற்றாலும் அங்கேயே முடிந்தது, அவனுக்கு. கவிழ்த்தால் குவியல் அவனுக்குப் போகும், ஆனாலும் பிழைத்துக் கிடப்பேன்.

மூளை தெளிவாகத்தான் இருந்தது. இரண்டும் ஆட்டினாக ஒருத்தன் கையில் சேருவது என்ன, தினமும் நடக்கிற காரியமா? போடு, போட்டுத் தொலை என்று அது சொன்னது. நான்தான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன்.

தலை குனிந்திருந்தது. காது மடல் சிவந்திருந்தது. ஏதோ தப்புப் பண்ணியவன் மாதிரி துண்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த முகம் எனக்குத் தெரியும். நிறம் பார்க்கிறவனின் வேலை இதுதான். கையில் ஒரு கொத்து மாதிரிப் பற்கள் இருக்கும். நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து, எது ஒட்டுகிறதோ அதன் எண்ணைச் சொல்வோம். அன்றைக்கு அவன் முகத்துக்குப் பக்கத்தில் அவனுடைய பழைய முகங்களைப் பிடித்துப் பார்த்தேன். புது வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு, “ஏதோ அமைஞ்சது அண்ணே,” என்று சொன்ன முகம். பெரிய ஆஸ்பத்திரி தன் வேலையெல்லாம் அவனிடம்தான் தருவேன் என்றபோது என்னிடம் வந்து நின்ற முகம். மாமியார் எல்லார் முன்னாலும் “சின்னவருக்குக் கை ராசி” என்றபோது கீழே பார்த்த முகம். அச்சு அசலாக ஒட்டியது. நல்லது நடந்தால் இவன் இப்படித்தான் வைத்துக்கொள்வான். ஆட்டின் வந்துவிட்டது.

நிறம் பார்ப்பதில் ஒரு விதி உண்டு. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சலித்து எல்லாப் பல்லும் ஒரே நிறமாகிவிடும். அதற்காகவே சுவரில் ஒரு நீலத் துணி மாட்டியிருக்கிறோம். அதைக் கொஞ்சம் பார்த்து, கண்ணைக் கழுவிக்கொண்டு, திரும்பவும் பல்லைப் பார்க்க வேண்டும். துணி அவன் தலைக்கு மேலேயேதான் தொங்கியது. என் கண் அவனை விட்டு ஓர் அங்குலம் ஏறவில்லை.

“என்ன சகலை, ஆட்டினா?” என்றேன்.

“போட்டா காட்டுறேன் அண்ணே.” தலை நிமிரவில்லை.

“ஆட்டத்துல பேசக்கூடாது,” என்றார் மாமனார். “பெரிய மாப்பிள்ளை, போடுறீங்களா இல்லையா? எனக்குக் கால் மரத்துப் போச்சு.”

வயிறு எரிந்தது. மூன்று ராணி கையில் வருவது எனக்கெல்லாம் எப்போதோ ஒரு தடவை. அது வந்த அன்றைக்கும் ஓர் ஏழு வந்து அவன் மடியில் விழவேண்டுமா? விழும். அவனுக்கு விழாமல் வேறு யாருக்கு விழும்? பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டாலும் அவன் உட்கார்ந்த இடத்தில் ஊற்று வரும். இவன் ஜெயிப்பதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. என் ராணிகளைக் கவிழ்த்துத் தள்ளினேன்.

“எடுத்துக்க,” என்றேன். “உனக்கு வந்துருச்சுன்னு எனக்குத் தெரியும்.”

அவன் தன் சீட்டுகளையும் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகிவிட்டான். பல் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். புத்திசாலித்தனமாகத் தப்பித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஆடியது ஆட்டமே இல்லை. அவன் கட்டினால் கவிழ்த்தேன், கவிழ்க்க அலுத்துப்போய்ப் போட்டபோதெல்லாம் தோற்றேன். கடைசி முன்பல்லும் மேசையைத் தாண்டிப் போனதும் மாமனார் எழுந்து நாற்காலியைச் சின்ன மாப்பிள்ளை பக்கம் திருப்பி வைத்தார். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

நாங்கள் இருவரும் பற்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டோம். அவன் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தாலாவது திட்டியிருக்கலாம். தேநீர் கிளாஸ்களைக் கழுவப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஆட்டின் எது எது வச்சிருந்த? ராஜாவா?”

“எப்போ அண்ணே?”

“நடிக்காதே. அந்தப் பெரிய ஆட்டத்துல.”

அவன் கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். “ஆட்டினே இல்ல அண்ணே. ஒரு கிளாவர் ஒன்பது, ஒரு டைமன் அஞ்சு. ஒன்பது ஜோடி, அவ்வளவுதான்.”

எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. “ஒன்பது ஜோடியை வச்சுக்கிட்டா எல்லாத்தையும் தள்ளின?”

“ஆமாண்ணே. உங்ககிட்ட ராணி இருக்கும்னு தெரியும். மொதல்ல இருந்தே கை ஆடிட்டு இருந்துச்சு உங்களுக்கு.”

“அப்போ அந்த மூஞ்சி? நல்லது நடந்தா வச்சுக்குவியே, தலையைக் குனிஞ்சு, காது செவந்து?”

“உங்க முன்னால எனக்கு எப்பவும் அதே மூஞ்சிதான் அண்ணே. நீங்க பாக்குற பார்வைக்கு வேற எப்படி இருக்க முடியும்?”

நான் குழாயை மூடினேன். மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கி மூடினேன். “நான் போட்டிருந்தா?”

“போயிருக்கும். நாளையிலேருந்து நீங்க அங்க ஒக்காந்திருப்பீங்க.” கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். “மாமாவா இருந்தா கண்டிப்பா போட்டிருப்பாரு. என் பொண்டாட்டியா இருந்தா சிரிச்சுக்கிட்டே போட்டிருப்பா. வீட்ல எவளுக்கும் எவனுக்கும் என்மேல அவ்வளவு நம்பிக்கை கெடையாது. எனக்கு எப்பவும் நல்ல சீட்டுதான் வரும்னு நெனைக்கிற ஆள் இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான் அண்ணே. அந்த தைரியத்துலதான் தள்ளினேன்.”

அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். பாவி, நன்றியோடு சொன்னான்.