செப்புத் தகட்டில் முளைத்த ஊசிகள்

கிருஷ்ணகுமார் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அயனித் துப்பாக்கி ஒன்று இருந்தது. காற்றில்லாத அறைக்குள் உலோகத் தகட்டை வைத்து அதன்மேல் ஆர்கான் அயனிகளைப் பாய்ச்சுவார்கள். ஒவ்வோர் அயனி மோதும்போதும் மேற்பரப்பின் அணுக்கள் சில பெயர்ந்து தெறிக்கும். சாய்வாகப் பாய்ச்சினால், கண்ணாடிபோல் மெருகேற்றிய செம்பில்கூட ஆற்றுமணலில் விழுவது மாதிரி மெல்லிய வரிகள் விழும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கருவியை இயக்கியவன் அவன்தான்.

ஒருநாள் விஞ்ஞானி பத்மஜாவின் செப்புத் தகட்டை மாட்டும்போது, அதைப் பிடிக்கும் செப்புக் கிளிப் உடைந்தது. டிராயரில் மாலிப்டினம் கிளிப் ஒன்று கிடந்தது. சூடு தாங்கும் உலோகம்தானே என்று அதை மாட்டினான். குறிப்பேட்டில் கை பழக்கத்தில் ‘செப்புக் கிளிப்’ என்றே எழுதினான்.

வெளியே எடுத்த தகடு வெல்வெட்போலக் கறுத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் லட்சக்கணக்கான ஊசிகள் காடாக நின்றன. பத்மஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மூன்று தகடுகளும் அதே கிளிப்பில் அதேபோல் கறுத்து வந்தன. சுத்தமான செம்பில் ஊசிகள் முளைக்கின்றன என்று அவள் எழுதிய கட்டுரை அச்சாயிற்று.

மற்ற ஆய்வுக்கூடங்களில் யாருக்கும் ஊசி முளைக்கவில்லை. புதிய செப்புக் கிளிப்புகள் வந்தபின் இங்கேயும் வெறும் வரிகள்தான் விழுந்தன. அன்றைக்கே கிருஷ்ணகுமாருக்குப் புரிந்துவிட்டது. கிளிப்பிலிருந்து தெறித்த மாலிப்டினம் செம்பின்மேல் துளித்துளியாகப் படிந்திருக்கிறது. அது சீக்கிரம் தேயாது. சுற்றியிருந்த செம்பு அரிக்கப்பட, அது மூடிய இடம் மட்டும் ஊசியாக நின்றிருக்கிறது.

விசாரணைக் குழு அவனைக் கூப்பிட்டுக் கேட்டது. “வழக்கத்துக்கு மாறா எதையாவது மாட்டினீங்களா?”

“இல்ல சார்” என்றான். பொய்க் குறிப்பு எழுதினதாக வேலை போய்விடுமோ என்ற பயம்.

படங்கள் போலி என்று பேச்சு எழுந்தது. பத்மஜா கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். ஆய்விலிருந்து விலக்கி, பேகம்பேட் அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளைச் சரிபார்க்க அவளை அனுப்பினார்கள்.

ஐந்து மாதம் கழித்து மாரெட்பள்ளி மருந்துக்கடை வாசலில் அவளைப் பார்த்தான். ஒதுங்கிப் போகப் பார்த்தவனை அவளே கூப்பிட்டாள்.

“மெஷின் நல்லா ஓடுதா?”

“ஓடுது மேடம்.”

“நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன், கிருஷ்ணகுமார். தகட்டைச் சரியா கழுவலையோ என்னவோ. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், புரியல.”

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. “நீங்க பண்ணல மேடம். நான் வேற கிளிப் போட்டேன். மாலிப்டினம்” என்றான்.

ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“கேட்டாங்களே. அப்ப ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன்.”

“நான் மோசடிக்காரி இல்லன்னு எங்கப்பாகிட்டயே நிரூபிக்க வேண்டியிருந்துது. தெரியுமா உங்களுக்கு?”

அவள் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

“என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல. எழுதிக் கொடுங்க” என்றாள்.

மறுநாளே எழுதிக் கொடுத்தான். குழுவின் கண்ணெதிரே பழைய கிளிப்பை மாட்டித் தகட்டை வைத்தார்கள். கறுத்து வந்தது. பத்மஜாவின் பெயர் துலங்கியது. மாலிப்டினம் தூவினால் ஊசி முளைக்கும் என்று அவள் புதிதாக எழுதிய கட்டுரைக்கு முன்னதைவிட மதிப்புக் கிடைத்தது. கிருஷ்ணகுமாரை மெருகேற்றும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

வேலை போகாததே பெரிது என்று நண்பர்கள் சொன்னார்கள். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. புதுக் கட்டுரையால் அவளுக்கு நல்லதுதானே நடந்தது என்று யாராவது தேற்றினால், அவள் அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்து குத்தும்.

ஒரு மாதம் கழித்துப் பத்மஜா ஒரு தகட்டோடு வந்தாள். விளக்கொளியில் அதைச் சாய்த்துக் காட்டினாள்.

“ஓரத்துல கீறல் இருக்கு. திரும்பப் பண்ணிக் கொடுங்க.”

“சாயங்காலத்துக்குள்ள தரேன் மேடம்.”

“சரி” என்றாள். வேறெதுவும் பேசாமல் போனாள். அவன் தகட்டைத் துடைத்து மெருகுச் சக்கரத்தில் வைத்தான்.