வெடிக்காத பருத்திக்காய்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதிய ஒரு கட்டுரையால் என் அக்காவின் பருத்திச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சப்பைக்கட்டு.

2

தொடக்கம் ஒன்று: மூன்றாவது மாடி பால்கனியில், பழைய பெயின்ட் வாளியில், காலை வெயில் படும் பக்கமாக...

[வேண்டாம். இப்படி வர்ணித்துத்தான் வினையே வந்தது.]

தொடக்கம் இரண்டு: அக்கா இருபத்தாறு வருஷமாகச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். பருத்திக்காய் வெடித்து அவள் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. யாரிடமோ கேட்டு நாலு விதை வாங்கிவந்து, ஒன்றை ஊன்றினாள்.* ஒரே ஒரு காய் பிடித்தது.

* மீதி மூன்று என்ன ஆயிற்று என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

3

சட்டத்தைச் சொல்லாமல் தீராது. பருத்திக்காயைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. அது வயல்களுக்குப் பரவக்கூடாது என்பதற்காக, வீட்டில் பருத்தி வளர்ப்பவர்கள் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் செடியை எடுத்துவிடுவார்கள். விதியில் தப்பில்லை. அது அக்காவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் சொல்லாமல், "ஒரு வாளிச் செடிக்கு அரசாங்க அனுமதியாம்" என்று, ஞாயிறு இதழுக்கு அவள் செடியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கிண்டலாக ஒரு வரி சேர்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் அக்காவைக் கெடுத்தது.

4

கட்டுரையைப் படித்துவிட்டுச் செடியை எடுக்க வந்த வேளாண்துறை ஆய்வாளரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அமைதியான மனுஷன். தண்ணீர் வாங்கிக் குடித்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லா எழுதியிருந்தீங்க சார். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்ல."

காயில் அன்று காலைதான் கீறல் விட்டிருந்தது. அக்கா இரண்டு நாள் தவணை கேட்டாள்.

"வெடிச்சதும் நானே பிடுங்கித் தந்துடறேன்."

விதி இடம் தரவில்லை என்றார். செடி, காய், வாளி மண் எல்லாம் ஒரே பைக்குள் போயின. அப்போது, ஓர் எழுத்தாளன் என்ற முறையில், நான்...

[இந்த வாக்கியத்தை ஒன்பது முறை தொடங்கிவிட்டேன்.]

பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

5

முடிவு அ: காய்க்குள் வண்டு இருந்தது. ஆய்வாளர் செய்தது சரி, நானும் தப்பித்தேன். பொய். ஒரு வண்டும் இல்லை.

முடிவு ஆ: அக்கா என்னை மன்னித்தாள். இதை எழுதக் கை கூசுகிறது.

நடந்தது இதுதான். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் திறந்துகிடக்கும் பால்கனிக் கதவு பூட்டியிருந்தது. டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் நகக்கண்ணில் ஈரமண் இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"இதையும் எழுதுவியாடா?"

எழுத மாட்டேன் என்றேன்.

6

ஆய்வாளர் என் எழுத்தை விடாமல் படிப்பவர். அவர் கைக்குப் போவதற்குள், நகக்கண் மண்ணைப் பற்றிய அந்த வரியை நீங்களாவது அடித்துவிடுங்கள். நானும் அடித்துப் பார்த்தேன். அது இல்லாமல் கதை நிற்கவில்லை. திரும்ப எழுதி வைத்துவிட்டேன்.