ஜூலை மாதத்துக் கறை

கொடியில் காய்ந்த ஸுல்மீராவின் வெள்ளைச் சட்டையில், இடது கையோரம், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. முந்திரிப் பழச்சாறு. பிரேசிலின் வடகிழக்கில், எங்கள் பியாவி மாநிலத்தில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். எந்தச் சோப்புக்கும் அசையாது, பருவம் முடிந்தால்தான் தானாகப் போகும் என்பார்கள். அவள் கணவர் அன்ஃப்ரீசியுவின் தொல்லை, பருவம் இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான். அவர் தோட்டத்தில் வெறும் பூ. தெருவில் பழுத்திருந்தது ஒரே ஒரு மரம்: முடிதிருத்தும் பெலார்மினுவின் கொல்லையில் நிற்கும் ஒட்டுரகக் குட்டை மரம். பெலார்மினு மனைவியை இழந்தவன். மீசைக்கு எண்ணெய் போடுகிறவன்.

"சட்டைக் கையில என்ன கறை?"

"முந்திரிக் கறை."

"யாரு வீட்டு முந்திரி?"

"மரத்துல காய்ச்சதுங்க" என்றபடி ஸுல்மீரா வெளியே கிளம்பிப் போனாள்.

அன்ஃப்ரீசியு பதிவாளர் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். அந்தத் தகுதியில் ஊரே அவரை 'டாக்டர்' என்றது. ஜூலைக் கடைசியில் வரும் புனித அன்னாள் திருவிழாவில் கஜுயினாப் போட்டிக்கு அவர்தான் நிரந்தர நடுவர். முந்திரிச் சாற்றைத் தெளியவைத்துக் காய்ச்சிய அந்தப் பானத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து அரைமணி நேரம் பேசுவார். வீட்டில் பிழிவது, வடிகட்டுவது, காய்ச்சுவது எல்லாம் ஸுல்மீரா. புட்டியில் ஒட்டுகிற படம் அவருடையது.

கொட்டையை வெளியே தொங்கவிட்டுத் திரிகிற பழம், அதற்கு ரகசியம் காக்கவா தெரியும்? அன்ஃப்ரீசியு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் பெலார்மினுவின் கடைக்கு நடந்தார்.

"வாங்க டாக்டர்! முகச் சவரமா? முடின்னா உங்க தலையில நமக்குப் பெருசா வேலை இல்ல."

"என் மனைவி..."

"பின்னாடிதான் இருக்காங்க. மொதல்ல இதைக் குடிங்க."

சில்லென்ற கண்ணாடிக் குவளையில் கஜுயினா. அதன் வழியே பெலார்மினுவின் மீசையை முடிமுடியாக எண்ணலாம், அப்படியொரு தெளிவு. கைப்பக்குவம் ஸுல்மீராவுடையது, நாக்கு சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுப் புட்டிகளின் அடியில் எப்போதும் லேசாக ஒரு மண்டி தங்கும். அதற்கு 'நம் மண்ணின் குணம்' என்று பெயர் வைத்து மேடையில் முழங்கியவர் அவர்.

"ரெண்டாந்தரமும் வடிகட்டுனாங்க" என்றான் பெலார்மினு. "ஒரு தரம் போதும்னேன், கேக்கல."

வீட்டில் அவள் ஒரு தரத்துக்கு மேல் வடிகட்டியதில்லை. கொல்லையில் பாட்டு கேட்டது. இந்தக் குரல் வீட்டில் உப்பில்லை, சீனியில்லை என்றுதான் சொல்லும்.

ஸுல்மீரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவரைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"இந்த வருசம் போட்டிக்கு என் பேர்ல வைக்கிறேன். நம்ம மரம் பழுக்கறதுக்குள்ள திருவிழா முடிஞ்சிடும், அதான் இங்க. நீங்கதானே நடுவர்? எப்படி இருக்கு, சொல்லுங்க."

அவள் மீசைக்காரனோடு ஓடிப்போயிருந்தால் ஊர் அவருக்காகப் பரிதாபமாவது பட்டிருக்கும்.

யாரும் கேட்காமலே அரைமணி நேரம் பேசுகிறவர், குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் மண்டியைத் தேடினார். அவள் தோளுக்குப் பின்னால், கிளையில் கட்டிய வடிதுணியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, மஞ்சளாகி, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.