உதறாத விரிப்பு

ஓட்டலின் சலவை அறையில் எப்போதும் ஆவி மிதக்கும். எதிரில் நிற்பவர் முகம்கூடப் பாதிக் கனவில் தெரிவதுபோலத்தான் தெரியும். அந்த வெண்மைக்குள் அண்ணியும் நாத்தனாரும் படுக்கை விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து, நெருங்கி வந்து, விலகிப் போய், மறுபடி நெருங்கி மடிப்பார்கள். கைகள் பேசிக்கொள்ளும். வாய்கள் பேசி வெகுநாளாயிற்று.

சண்டைக்குக் காரணம் இங்கிலீஷ். மாலை வகுப்பில் கற்ற ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், ஃபைனலி எல்லாவற்றையும் அண்ணி விரிப்பை மடித்தபடியே சொல்லிப் பார்ப்பாள். மடிப்புக்கு ஒரு வார்த்தை. "அண்ணி இங்கிலீஷ் பேசினா மெஷினே நின்னுடும்" என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சொல்ல, அறையே சிரித்தது. அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில். அன்றே வாயைப் பூட்டிக்கொண்டாள். வீட்டில் ஒரே சட்டிச் சோறு, இங்கே ஒரே விரிப்பு, ஆனாலும் கீரியும் பாம்பும்தான்.

அந்த நேரம் பார்த்து, ஓட்டலில் தங்கியிருந்த ஓர் அம்மாளின் மோதிரம் காணாமல் போனது. அந்த அம்மாள் தங்கிய அறையின் விரிப்புகளைச் சலவைக்கு மூட்டை கட்டி இறக்கியவள் நாத்தனார். பழி அவள் தலையில் விழுந்தது. வேலை போய்விடும் போலிருந்தது. புது மேனேஜருக்கு இங்கிலீஷ் தவிர வேறெதுவும் தெரியாது. அன்று கூட இருந்தவள் அண்ணி மட்டுமே என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்.

நாத்தனார் சுவரோரம் கண் கலங்கி நின்றாள். அண்ணிக்குக் கற்றதெல்லாம் ஆவியாய்ப் போனது. பிடித்துக்கொள்ள ஒரு விரிப்பாவது இருந்தால் தேவலை என்று தவித்தவள், கண்ணை மூடி, இல்லாத விரிப்பின் முனைகளைப் பிடித்தாள். மோதிரம் தொலைந்த அன்றைய காலைப்பொழுது மெல்ல அவளைச் சுற்றி வெள்ளையாய் விரிந்தது.

"ஃபர்ஸ்ட், ஷீ பிரிங் பண்டில்," என்றாள். "தென்..."

கைகள் தாமாக உதறப் போய், அந்தரத்தில் நின்றன. துவைப்பதற்கு முன் விரிப்பை இருவராகப் பிடித்து உதறுவது அவர்கள் வழக்கம். அன்று உதறவில்லை. உதற நாத்தனாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் தோற்றதாகிவிடும். ரோஷத்தில் அப்படியே சுருட்டி மெஷினில் திணித்திருந்தாள்.

இதை விழுங்கிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தாவிவிடலாம். சொன்னால் தன் வேலைக்கே உலை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணுக்குள் அந்த விரிப்பின் எதிர்முனை, பிடிக்க ஆளில்லாமல் தொங்கிக்கொண்டே இருந்தது.

"தென், நோ ஷேக். ஷேக், டூ பீப்பிள். ஐ நோ டாக் டு ஹெர். ஆஃப்டர் தட், ஐ புட் மெஷின்."

மேனேஜர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெஷினின் அடி வடிகட்டியில், நூலும் பஞ்சும் சுற்றிக்கொண்டு மோதிரம் கிடந்தது. அண்ணி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். வேலை மட்டும் இருவருக்கும் தப்பியது.

திரும்பி வந்து, துவைக்க வேண்டிய அடுத்த விரிப்பை எடுத்தார்கள். முதலில் உதறினார்கள். நெருங்கி வந்தபோது நாத்தனார் முனையை விடவில்லை.

"அண்ணி, கடைசியா ஒரு வார்த்தை வருமே. அங்க சொல்லவே இல்லையே?"

"நீ பேசினதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

"அதான் பேசிட்டேனே."

"ஃபைனலி," என்றாள் அண்ணி.

மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.