ஐஸ் பெட்டியில் வைத்த தட்டு

1

இந்தக் கதை நான் கெடுத்த இரண்டு கிலோ கொய்யாப்பழத்திலிருந்து வந்தது. ஜாமை இறுக வைக்கப் பெக்டின் என்று ஒரு பொடி விற்கிறார்கள். அது இல்லாமலே செய்யலாம் என்று யாரோ சொன்னதை நம்பினேன். ஜாம் ரசமாக வந்தது. அது இறுகும் என்று காத்திருந்த நேரத்தில்தான் சுலைகாவை யோசித்தேன்.

2

காரைக்குடியின் வெயில் கொய்யாத் தோப்பின் மீது இறங்கிய அந்த

(வேண்டாம். சுலைகா வீட்டில் தோப்பு கிடையாது. பழம் திங்கட்கிழமைச் சந்தையில் வாங்கியது.)

வருஷம் 1967. சுலைகாவின் கணவன் காஜா மைதீன் பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்தான். ஊருக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. மாதம் ஒரு கடிதம், நாலு வரி: சுகம், இங்கே மழை, பிள்ளைகளை அடிக்காதே, சலாம். இந்த மாதம் இரண்டு பக்கம் வந்தது. இரண்டு பக்கமும் கொய்யா ஜாம்.

செங்காயாகப் பார்த்து எடு. நறுக்கி வேகவைத்துத் துணியில் வடி. சாறு ஒரு படி என்றால் சீனி முக்கால் படி. எலுமிச்சை விதைகளைத் துணியில் முடிந்து உள்ளே போடு, அதுதான் இறுக வைக்கும். ஐஸ் பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளு. மேலே ஆடை மாதிரி சுருங்கினால் பதம். உடனே இறக்கிவிடு, ஆறினால்தான் இறுகும். பிள்ளைகளுக்குச் செய்து கொடு.

(நான் மறந்தது அந்த விதையை.)

சுலைகா மூன்று முறை படித்தாள். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதன். கடைக்கு மேலே ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம் என்று முன்பு எழுதியவன். அந்த அறைக்கு ஐஸ் பெட்டி எங்கிருந்து வந்தது? எவளுடைய அடுப்படியிலோ நின்று பார்த்திருக்கிறான்.

[இந்த இடத்தில் அவள் மனநிலையை நாசூக்காகச் சொல்ல நாலு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு வயிறு எரிந்தது. இனி அவன் வரவே மாட்டானோ என்று பயந்தாள்.]

3

கடிதத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. தன் கையாலேயே ஜாம் செய்து அனுப்பினால் அவனுக்கு வீட்டு நினைப்பு வந்து கப்பலேறுவான் என்று ஒரு நப்பாசை. அது ரசமாகப் போய்ச் சேர்ந்தால் அந்த அடுப்படிக்காரி ஜெயித்தாள் என்று அர்த்தம்.

கொண்டுபோக ஆள் இருந்தது. காஜா மைதீனின் அக்கா ஜரீனாவின் கணவர் நாகூர் கனி அதே கடையில் வேலை பார்ப்பவர். லீவு முடிந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற வியாழக்கிழமை ரயிலில் புறப்படுகிறார். (கதைக்கு வசதியாக ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைப்பீர்கள். ஆமாம். பாட்டில் தானாகக் கடல் தாண்டாது.)

ஜரீனாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கினேன். ஆனால் அவள் இல்லாவிட்டால் முதல் சட்டி கெடாது.

"இறக்கட்டுமா மதினி?"

"தண்ணியாட்டம் இருக்கு, அதுக்குள்ள எதுக்கு இறக்குற? பாகுன்னா தண்ணியில விட்டா உருண்டு வரணும்."

"ஆறுனாத்தான் இறுகும்னு எழுதியிருக்காக."

"என் தம்பி என்னைக்குப் பாகு காச்சுனான்? கிண்டு புள்ள."

சுலைகாவும் அதே கேள்வியைத்தான் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிண்டினாள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கை, உருட்டுப் பதம் வராமல் நிற்காது. ஆறியதும் கரண்டியைத் தூக்கினால் சட்டியும் சேர்ந்து வந்தது. ஜரீனா கத்தியால் கீறித் துண்டு போட்டாள். பிள்ளைகள் மிட்டாய் என்று தின்றார்கள்.

4

வியாழன் காலை, மிச்சமிருந்த ரேஷன் சீனியில் இரண்டாவது சட்டி. ஐஸ் பெட்டிக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் தட்டைப் புதைத்து வைத்திருந்தாள். ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினாள். சுருங்கிய மாதிரியும் இருந்தது, சுருங்காத மாதிரியும் இருந்தது. ஜரீனா வாயைத் திறப்பதற்குள் இறக்கிப் பாட்டிலில் ஊற்றிவிட்டாள்.

நாகூர் கனி வந்து பாட்டிலைக் கைலியில் சுற்றினார்.

"அண்ணே, நீங்க இருக்குற ரூமுல ஐஸ் பெட்டி இருக்கா?"

"ஐஸ் பெட்டியா? பானை வைக்கவே எடமில்ல தங்கச்சி. கொழாத் தண்ணிதான்." அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். கைலி முடிச்சை அவிழ்த்து இன்னொரு தடவை போட்டார். "ரொம்பச் சுடுது. மூடி ஒழுகுமோ?"

"ஒழுகாது. நேரா மச்சான் கையில குடுங்க."

5

காஜா மைதீன் அடுத்த கப்பலில் வந்து இறங்கி, அவள் முன்னால் நின்று அழுது, என்று முதலில் எழுதினேன். மூன்று பக்கம். அதையும் கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்ததில், ஐஸ் பெட்டி முதலாளி வீட்டுடையது, செய்முறை சொன்னது அவருடைய எழுபது வயதுத் தாயார். சுலைகாவுக்காக இதையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆனால் இரண்டு பக்கம் எழுதியவன் அந்த ஒரு வரியை ஏன் விட்டான்?

மூன்றாவதில் பாட்டில் கழுவித் திரும்பி வருகிறது. வாசலில் அதை வாங்கிக்கொண்ட சுலைகா

(முடியவில்லை.)

ஆகவே இங்கேயே இறக்கிவிடுகிறேன். ரயில் அறந்தாங்கி தாண்டிவிட்டது. பாட்டில் நாகூர் கனியின் மடியில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. சாய்த்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. மூடியைக் கட்டிய துணிக்குள் சுலைகா ஒரு சீட்டு வைத்திருக்கிறாள்.

"வெரலால தள்ளிப் பாக்கணும்னு எழுதியிருந்தீக. யாரு வெரலுன்னு எழுதல."

பதிலை நீங்களே எழுதிவிடுங்கள். நாலு வரிக்குள் எழுதுங்கள். அதற்கு மேல் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும்.